நான்கு கட்டங்களும் ஒரு கிண்ணமும்: 'கோரோகோவா' விளையாட்டு

திரையில் இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டங்கள். சில வேளைகளில் நான்கிலும் படங்கள் இருக்கும். சில வேளைகளில் ஒன்று மட்டும் நிறைந்து மற்றவை வெறுமையாகக் கிடக்கும். படத்தைத் தொட்டால் அதற்குள் நெருங்கிச் செல்லலாம். பிடித்து இழுத்தால் வேறொரு கட்டத்துக்கு நகர்த்தலாம். 'கோரோகோவா' என்ற கணினிப் புதிர் விளையாட்டை விளையாடக் கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். இத்தனை குறைந்த கருவிகளைக் கொண்டு இவ்வளவு ஆழமான புதிர்களைக் கட்டிய வேறொரு விளையாட்டை நான் அறியேன்.

இதை உருவாக்கியவர் ஜேசன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர். மென்பொருள்துறை வேலையை விட்டுவிட்டு, முதலில் படக்கதையாக எண்ணியிருந்த ஒன்றை விளையாட்டாக மாற்றி, படங்கள் அனைத்தையும் தம் கையாலேயே வரைந்தார். 2012இல் ஒரு முன்னோட்டம் வெளிவந்தது. முழு விளையாட்டு 2017 டிசம்பரில்தான் வந்தது. அடுத்த ஆண்டு, சிறந்த முதற்படைப்புக்கான பாஃப்டா என்ற பிரித்தானிய விருதைப் பெற்றது.

புதிர்களின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டின்றி விளக்க இயலாது. சாளரம் ஒன்றின் வழியே நகரம் தெரியும் படத்தைப் பிடித்து இழுத்தால், சாளரச் சட்டம் மட்டும் உரிந்து கையோடு வந்துவிடுகிறது; நகரக் காட்சி பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. ஒரே படம் என்று நாம் நம்பியிருந்தது இரண்டு அடுக்குகளாகப் பிரிகிறது. அவ்வாறு பிரிந்த வாயிலொன்றை வேறொரு படத்தின் மீது வைத்தால், கதைநாயகனான சிறுவன் அதன் வழியே நடந்து முற்றிலும் வேறோர் இடத்துக்குப் போய்விடுகிறான். வானத்தில் மின்னும் விண்மீனின் மேல் வெற்று விளக்கின் படத்தைப் பொருத்தினால் விளக்கு ஒளிர்கிறது. மேற்கட்டத்து மரக்கிளையிலிருந்து விழும் பழத்தைக் கீழ்க்கட்டத்தில் காத்திருக்கும் கிண்ணம் ஏந்திக்கொள்கிறது.

இந்த வகை விளையாட்டுகள் பலவற்றில், திரையின் மூலைமுடுக்கெல்லாம் தொட்டு ஒளித்துவைத்த பொருள்களைச் சேகரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வோரிடத்திலும் பொருத்திப் பார்த்துச் சலிக்க வேண்டியிருக்கும். இங்கே பொருள்களைச் சேர்த்துவைக்கும் பையே கிடையாது. விடை பெரும்பாலும் நம் கண்முன்னேயே இருக்கிறது. அதைப் பார்க்கும் விதத்தை மாற்றிக்கொள்வதுதான் விளையாட்டு.

உரையாடலோ எழுத்தில் கதையோ இல்லை என்பது திருகோணமலையில் இருந்து எழுதும் எனக்குச் சிறிய செய்தியன்று. கதை சொல்லும் பெரிய விளையாட்டுகளில் தமிழ் கிடைப்பது அரிது. நம் பிள்ளைகள் ஆங்கில உரையாடலில் பாதியை ஊகித்தே விளையாடிப் பழகியிருக்கிறார்கள். இதிலோ தமிழ் பேசும் பிள்ளையும் சிங்களம் பேசும் பிள்ளையும் ஒரே திரையின் முன் அமர்ந்து, ஒருவர் சுட்டுவதை மற்றவர் உடனே புரிந்துகொள்ளலாம். வாழ்நாளில் எந்தக் கணினி விளையாட்டையும் தொட்டிராத என் அம்மம்மா அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கொப்பை இங்கால கொண்டு வா பிள்ளை" என்றார். அவர் சொன்னதே சரியாக இருந்தது.

நகரத்தின் மேல் எழும் வண்ணமயமான ஒரு விலங்கைச் சிறுவன் காண்கிறான். அதன் பொருட்டு ஐந்து நிறப் பழங்களைத் தேடுகிறான். அவன் வளர்கிறான், முதுமை அடைகிறான். அவனுடைய நகரமும் போரில் இடிந்து, மீண்டும் எழுகிறது. பிற ஊர்க்காரர்கள் இதை ஓர் உருவகமாகப் படிக்கக்கூடும். இடிந்த சுவரையும் புதிதாய்ப் பூசிய சுவரையும் ஒரே தெருவில் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் படங்கள் நெருக்கமானவை. ஒரே மனிதனின் வெவ்வேறு வயதுகள் அடுத்தடுத்த கட்டங்களில் நிற்கும்போது, அவன் இழந்தது என்ன, காத்துவைத்தது என்ன என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் நாம் உணர்கிறோம். ஜோயல் கோரெலிட்ஸின் இசையும் அங்கே அடக்கமாகவே ஒலிக்கிறது.

குறைகளும் உண்டு. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. விடைகள் தெரிந்தபின் இரண்டாம் முறை அதே வியப்பு கிட்டுவதில்லை. பிற்பகுதியில் சில இடங்களில் காரணம் புரியாமலே கட்டங்களை மாற்றி மாற்றி வைத்துத் தப்பித்துவிட முடிகிறது. அத்தகைய வெற்றியில் நிறைவு இல்லை. படங்களின் நுணுக்கம் சிறிய கைப்பேசித் திரையில் வீணாகிறது.

ஆகவே, வாய்ப்புள்ளவர்கள் பெரிய திரையுள்ள கைக்கணினியில் விளையாடுவது நல்லது. தனியாள் விளையாட்டு என்பதால், ஒருமுறை தரவிறக்கிய பின் இணையத் தொடர்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. விடைகளை இணையத்தில் தேடாமல், சிக்கிக்கொண்டால் மூடிவைத்துவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் தாங்களும் பக்கத்தில் அமருங்கள். இரண்டாவது சோடிக் கண்களுக்கு இதில் நிறைய வேலை இருக்கிறது.