விடியல் பயணம்: ஒரு தையல் தொழிலாளியின் மதிப்பீடு

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலைக்கு நடுவில் தமிழக அரசு தொடங்கிய சேவை இது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். விண்ணப்பம், வருமானச் சான்று எதுவும் கேட்பதில்லை, ஏறினால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கோவையில் நான் வேலைக்குப் போய்வர முன்பு ஒரு நாளைக்கு 30 ரூபாய் ஆகும். மாதக் கடைசியில் பஸ் காசுக்கு வீட்டுக்காரரிடம் கேட்டு நிற்க வேண்டும். இப்போது அந்தப் பணம் மகளின் டியூஷனுக்குப் போகிறது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்றது மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு. என் கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான். அதைவிடப் பெரிய விஷயம், தள்ளி இருந்தாலும் கூலி கூடுதலாகத் தரும் யூனிட்டுக்கு மாறிவிட்டேன். பஸ் செலவை நினைத்தே அதுவரை தயங்கியிருந்தேன்.

சொகுசுப் பேருந்துகளில் இந்தச் சலுகை கிடையாது. அதனால் இரவு ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் சாதாரண பஸ்கள் கூடுதலாக வேண்டும். அப்புறம் குழந்தைகள் காப்பகம். 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் 50 பேராவது வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அதைக் கட்டாயமாக்கியது. எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகளுக்கு அரசே பொதுவாக ஒன்று நடத்தலாம்.