மீட்டர் சொன்ன பொய்க்கு 850 வெள்ளி

பட்டறையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் மேல் நான் போட்ட கோரிக்கை நடுவர் மன்றத்தில் நிலுவையில் இருக்கிறது, பெயர் எழுதி அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் என்ன செய்தார்கள் என்பதை முழுதாகச் சொல்கிறேன். பைக்கில் ஏஎஃப்ஆர் மீட்டர், அதாவது காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் மீட்டர், மாட்ட நினைக்கிற ஆள் யாராவது இருந்தால், காசு கொடுப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

என்னுடையது யமஹா ஆர்6, பழையதாக வாங்கியது. முந்தைய உரிமையாளர் வேறு சைலன்சர் மாட்டி வைத்திருந்தார். அதனால் எஞ்சினுக்குப் போகிற காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருக்கிறதா என்று எனக்கு ஒரு சந்தேகம். பெட்ரோலுக்குக் கணக்குப்படி 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள், எடையில். எண் ஏறினால் லீன், பெட்ரோல் குறைவு; இறங்கினால் ரிச், பெட்ரோல் அதிகம். அதைக் காட்டுவதுதான் இந்த மீட்டர். புகையில் இருக்கிற ஆக்சிஜனை அளக்கும் பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரோடு வந்த ஒரு செட்டை நானே வாங்கிவிட்டேன். எக்ஸாஸ்ட் குழாயில் சென்சாருக்கு நட்டு வெல்டிங் செய்து வயரிங் முடித்துத் தர ஆள் வேண்டும். அவ்வளவுதான் தேவை.

சிங்கப்பூரின் கிழக்குப் பக்கம் ஒரு பட்டறை. முதலாளி தமிழர். "வாங்க தம்பி, டீ சாப்பிடுறீங்களா" என்று ஆரம்பித்தார். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விழுந்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. கூலி 180 வெள்ளி. காலையில் விட்டேன், மாலையில் போனால் மீட்டர் எரிகிறது. வண்டி ஐட்லிங்கில் நிற்கிறது. எண் 17.6.

முதலாளி தலையில் கை வைத்தார். "தம்பி, ரொம்ப லீனா ஓடுது. இப்படியே ஓட்டினீங்கன்னா பிஸ்டன் ஓட்டையாயிடும்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெட்ரோல் அளவை மாற்றுகிற ஒரு பிக்கிபேக் பெட்டி, அதோடு மேப்பிங் (அந்த அளவுகளை லேப்டாப்பில் அமைப்பது), வண்டியோடு வந்த ஓ2 (ஆக்சிஜன்) சென்சாருக்குப் பதிலாக எலிமினேட்டர் என்ற போலி இணைப்பு, எல்லாம் சேர்த்து 850 வெள்ளி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிங்க, ஆனா ஓட்டாம யோசிங்க" என்றார். ஆளுக்கு வியாபாரம் தெரியும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் அங்கேயே போனில் பேநவ் வழியாகக் கட்டினேன். லேப்டாப்பை வைத்து முக்கால் மணி நேரம் தட்டினார்கள். மீட்டர் 13.9-க்கு வந்தது. எனக்கோ பெரிய நிம்மதி.

நிம்மதி ஒரு வாரம் தாங்கியது. கார்ப்பேட்டையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் கண் எரியும். சைலன்சர் வாயில் கரி. முன்பு 210 கிலோமீட்டருக்கு எரிகிற பெட்ரோல் விளக்கு 165-இலேயே எரிய ஆரம்பித்தது. போன் செய்தேன். "பவர் கூடினா பெட்ரோல் குடிக்கும் தம்பி, அதுதான் இயற்கை" என்று பதில் வந்தது.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. ஜொகூர் போகிற கூட்டத்துக்கு முந்திக்கொள்ளலாம் என்று விடியற்காலை ஐந்து மணிக்கு பிகேஇ விரைவுச்சாலையில் உட்லண்ட்ஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். எந்த முன்னறிவிப்பும் இல்லை. மீட்டர் அணைந்தது, அதே நொடியில் எஞ்சினும் அணைந்தது. பின்னால் லாரி. கிளட்சைப் பிடித்தபடி உருட்டிக்கொண்டே ஓரத்துக்கு வந்து நின்றபோது கை நடுங்கியது. எல்டிஏ-வின் (நிலப் போக்குவரத்து ஆணையம்) மீட்பு வண்டி வந்து பக்கத்துக் கார்ப்பேட்டையில் இறக்கிவிட்டது. அதற்குக் காசு இல்லை. அந்தக் காலையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம்.

அங்கிருந்து நண்பன் சொன்ன ஒரு மலாய் மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். பாங் (அண்ணன்) என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. டேங்கைத் தூக்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சாலா லா." தப்பு என்று அர்த்தம்.

மீட்டரின் பவர் கம்பியை இக்னிஷன் லைனில் ஒரு நீலக் கிளிப்பை வைத்துக் கடித்துச் சேர்த்திருந்தார்கள். தனி ஃப்யூஸ் கிடையாது, ரிலே கிடையாது. சென்சார் கம்பியைச் சூடான எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்திலேயே பிளாஸ்டிக் டையால் கட்டியிருந்தார்கள். டை உருகி, கம்பி குழாய் மேல் சாய்ந்து, மேல் உறை உருகி, ஹீட்டருக்குப் பவர் போகிற சாம்பல் நிறக் கம்பி குழாயில் தொட்டிருக்கிறது. இந்தச் சென்சாருக்குள் ஒரு ஹீட்டர் உண்டு, கிட்டத்தட்ட 780 டிகிரி வரை சூடானால்தான் சரியாக அளக்கும். ஆகவே அது சும்மா ஒரு சிக்னல் கம்பி இல்லை, கரண்ட் இழுக்கிற கம்பி. ஷார்ட் ஆனதும் இக்னிஷன் ஃப்யூஸ் போய்விட்டது. மீட்டருக்கென்று தனி ஃப்யூஸ் இருந்திருந்தால் மீட்டர் மட்டும் அணைந்திருக்கும், நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மீட்டர் வந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஃப்யூஸ் ஹோல்டர், பிரிக்காத பிளாஸ்டிக் பையில், அப்படியே இருந்தது.

இது அலட்சியம். ஏமாற்று வேலை வேறு இடத்தில் இருந்தது. பாங் வயரிங்கைச் சரிசெய்து, வேறு சென்சார் போட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்தார். 13.9. "நல்லாத்தானே இருக்கு பாங்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஏர்பாக்ஸிலிருந்து (காற்று வடிகட்டிப் பெட்டி) எஞ்சின் தலைப் பக்கம் போகிற ஒரு ரப்பர் குழாயைக் குறடால் இறுக்கிப் பிடித்தார். எண் இறங்கியது. 13. 12. 11.3-இல் நின்றது. குறடை விட்டார், மறுபடி 13.9.

யமஹாவில் அதற்கு ஏஐஎஸ் என்று பெயர். சுசுகி, ஹோண்டா வண்டிகளில் 'பேர்' (PAIR) வால்வ் என்பார்கள். எரியாமல் வெளியே வருகிற பெட்ரோல் ஆவி எக்ஸாஸ்ட்டுக்குள்ளேயே எரியட்டும் என்று, புகை வெளியேறும் வழியில் புதுக்காற்றை விடுகிற அமைப்பு. சுற்றுச்சூழல் விதிகளுக்காகக் கம்பெனியே வைப்பது. அந்தக் காற்று எஞ்சினுக்குள் போவதில்லை, ஆனால் சென்சார் அதையும் சேர்த்து அளக்கிறது. அதனால் ஐட்லிங்கில் எண் பொய்யாக ஏறும். என் எஞ்சின் முதல் நாளிலிருந்தே லீனாக இல்லை. 17.6 என்பது வெளியே கலந்த காற்று. அந்தப் பொய்யை 13.9 ஆக்குவதற்காகப் பெட்ரோலை ஊற்றி ஊற்றி எஞ்சினை உண்மையில் 11.3-க்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எலிமினேட்டர் மாட்டியதால் ஈசியூ, அதாவது வண்டியின் கணினி, தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. கண் எரிந்ததும் கரி படிந்ததும் இதனால்தான்.

பட்டறைக்காரருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? ஸ்போர்ட்ஸ் பைக் டியூன் செய்கிறேன் என்று பலகை மாட்டியிருப்பவருக்கு? தெரியாது என்றால் 850 வெள்ளி வாங்கியிருக்கக் கூடாது. தெரியும் என்றால் வேறு பெயர் வைக்க வேண்டும்.

பாங் இன்னொன்றும் காட்டினார். வெல்டிங் நட்டைக் குழாயின் அடிப்பக்கம் வைத்திருந்தார்கள், சென்சார் தலைகீழாக நின்றது. குழாய் குளிர்ந்தபின் சேர்கிற தண்ணீர் முழுக்க அதன் முனையில் தேங்கும், அடுத்த முறை ஹீட்டர் சூடானதும் உள்ளே விரிசல் விடும். கிடைமட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்று மீட்டரோடு வந்த தாளிலேயே படம் போட்டிருந்தது. அந்தத் தாளை நானும் படிக்கவில்லை. இதில் என் பங்கு அது.

திரும்பப் போய்க் கேட்டேன். இந்த முறை டீ இல்லை. "மீட்டர் நீங்க வாங்கினது, எங்க பொறுப்பு இல்ல" என்றார். ரசீதைக் காட்டினேன். "மீட்டர் வேலை, 1,030" என்று ஒரே வரி. என்ன வேலை, என்ன பாகம், ஒன்றும் இல்லை. நீங்களாவது ரசீதில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். டேங்கை மூடும் முன் கம்பி எங்கே சேர்த்தார்கள் என்று காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐட்லிங் எண்ணைக் காட்டி யாராவது பயமுறுத்தினால், பாங் செய்த மாதிரி அந்த ஏஐஎஸ் காற்றுக் குழாயை அடைத்துவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

நான் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிவு செய்துவிட்டேன். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் வைக்க முடியாது, வைக்கத் தேவையும் இல்லை. என் அளவு தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. இணையத்திலேயே முடிந்தது. பாங் குறடு பிடித்ததை வீடியோ எடுத்திருந்தேன், அதையும் ஏற்றினேன்.

நேற்று இரவு பட்டறைக்காரரிடமிருந்து வாட்ஸ்அப். "தம்பி, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம், கடைக்கு வாங்க, பேசித் தீர்த்துக்கலாம்." அமர்வு நாளன்று பேசலாம் அண்ணே என்று எழுதிவிட்டு, கூடவே அந்தப் பிரிக்காத ஃப்யூஸ் பையின் படத்தையும் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இல்லை.