வீடியோ எடிட்டிங் கோர்ஸ்: 14,999 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

இன்று காலை என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். இனிமேல் பொறுமையாகப் பேசி என்ன ஆகப் போகிறது, எழுதிவிடுகிறேன்.

பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஏற்கெனவே மிரட்டியாகிவிட்டது. “ஒரே மாதத்தில் எடிட்டர், வேலைக்கு நாங்க பொறுப்பு” என்று இன்ஸ்டாவில் தமிழில் ரீல்ஸ் ஓட்டும் ஆன்லைன் பயிற்சிக் கூட்டங்களில் ஒன்று.

நான் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆல்பம் டிசைன் நானே செய்வேன், வீடியோ மட்டும் வெளியே கொடுத்து வாங்குவது. காதுகுத்து, வளைகாப்பு மாதிரி சின்ன விசேஷங்களையாவது நாமே எடிட் செய்யலாமே என்று 99 ரூபாய் கட்டி அவர்களின் லைவ் வகுப்பில் உட்கார்ந்தேன்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சரியாகச் சொல்ல முடியும். ஒரு கல்யாணக் காட்சி. மணப்பெண் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பு எடுத்த ஆள் அடுத்த காட்சியின் சத்தத்தை மட்டும் டைம்லைனில் (காட்சியையும் சத்தத்தையும் வரிசையாக அடுக்கும் பட்டை) கொஞ்சம் இடது பக்கம் இழுத்துவிட்டார். பெண்ணின் முகம் தெரியும்போதே கெட்டிமேளம் கேட்கிறது, அப்புறம்தான் தாலி கட்டும் கை வருகிறது. ஜே கட் என்று பேராம். எனக்குப் புல்லரித்துவிட்டது. வகுப்பு முடிந்த கையோடு ஒரு பெண் போன் செய்தார்: “அண்ணா, ராத்திரி 12 மணிக்குள்ள கட்டினா 14,999. நாளைக்கு 40,000 ஆயிடும்ணா.” ஜிபேயில் அனுப்பினேன்.

14,999 ரூபாய்க்குக் கிடைத்தது பழைய பதிவுகள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் ஏதோ ஒரு பழைய பதிப்பில் எடுத்தது. அவர் காட்டும் பட்டன் என் திரையில் வேறெங்கோ இருக்கிறது. சில பாடங்களில் மூலையில் யாருடைய லோகோவையோ மங்கலாக்கி மறைத்திருந்தார்கள். அந்த ஜே கட் பாடம்? கடைசி வரை தேடினேன், இல்லவே இல்லை.

போனில் எடுத்த வளைகாப்பு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். போகப் போக உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். கேட்டால், “உங்க சிஸ்டம் பத்தாது சார், ரேம் ஏத்துங்க.” பணம் கட்டும் வரை அண்ணா, கட்டியதும் சார்! போன் வீடியோவில் ஃப்ரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பது, ஒரே சீராக இருக்காது, ஹேண்ட்பிரேக் மாதிரி இலவச மென்பொருளில் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்தால் சரியாகும் என்று பிறகு ஒரு நண்பர்தான் சொன்னார். ரேமுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அடுத்தது இதைவிட மோசம். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைச் சுத்தம் செய்யும் பாடம். அப்படியே செய்தேன், படத்தின் மேல் வாட்டர்மார்க் விழுந்தது. அந்த வசதி காசு கொடுத்து வாங்கும் ‘ரிசால்வ் ஸ்டுடியோ’ பதிப்புக்கு உரியது. அதைச் சொல்லாமல் ஒரு டிரைவ் லிங்க் அனுப்பி, “ஆன்டிவைரஸ் ஆஃப் பண்ணிட்டு இதை இன்ஸ்டால் பண்ணுங்க சார், ஃபுல் வெர்ஷன்” என்கிறார்கள். கடைக் கம்ப்யூட்டரில் ஊரார் வீட்டுப் படமெல்லாம் இருக்கிறது. கிராக், அதாவது திருட்டு மென்பொருள், போடச் சொல்லித் தரவா 14,999 ரூபாய்?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “கம்ப்ளெய்ன்ட் டிக்கெட் போட்டிருக்கோம் சார்.” அப்புறம் “டீம் லீடர் லீவ் சார்.” அப்புறம், “அஞ்சுல ஒரு பங்கு வீடியோ பார்த்துட்டா ரீஃபண்ட் கிடையாது, கண்டிஷன் படிக்கலையா?” பார்க்காமல் மட்டமென்று எப்படித் தெரியும்? வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும், மற்றவர்களிடம் கேட்கவும் வழியில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், வயிறு எரிகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ராத்திரி 12 மணிக் கெடு என்றாலே போனை வைத்துவிடுங்கள். கட்டும் முன் ஒரு முழுப் பாடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரிசால்வ் இலவசப் பதிப்பே ஆரம்பத்துக்குத் தாராளம். அதை உருவாக்கிய பிளாக்மேஜிக் நிறுவனமே பாடப் புத்தகங்களையும் பயிற்சிக்கான காட்சிகளையும் தன் தளத்தில் சும்மா தருகிறது, ஆங்கிலத்தில்தான், பரவாயில்லை. மாட்டிக்கொண்டவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், நான் புகார் கொடுத்துவிட்டேன். அவர்களோடு பேசும் மெசேஜ்களை உடனுக்குடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அனுப்பிய மெசேஜை அவர்களே அழித்துவிடுகிறார்கள்.