மிசிசிப்பிக் கெளுத்தி: வாங்கும் முன் பையின் பின்பக்கத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சனுக்குக் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. நான் கும்பகோணம் பக்கம். வெந்தயமும் மாங்காயும் போட்ட கெளுத்திக் குழம்பு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். ஆனால் இங்கே வந்த முதல் இரண்டு வருடம், பக்கத்திலேயே கெளுத்தி விளைகிறது என்பதுகூடத் தெரியாமல் இருந்துவிட்டேன். தலை இல்லாமல், தோல் உரித்து, வெள்ளைத் துண்டாக உறைந்து கிடப்பதை யார்தான் கெளுத்தி என்று நினைப்பார்கள்? இப்போது மாதம் இரண்டு முறையாவது வாங்குகிறோம். புதிதாக வருகிற நம் ஊர்க் குடும்பங்கள் எந்தப் பையை எடுப்பது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் நான் ஏமாந்த கதை. ஊர் பேர் எதற்கு, ஒரு கடையில் ஐஸ் பெட்டிக்கு மேல் பெரிதாக ‘கேட்ஃபிஷ்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். விலை பாதிதான். இரண்டு பவுண்டுப் பை ஒன்றை எடுத்து வந்தேன். பனி உருகியதும் தராசில் வைத்தால் ஒரு பவுண்டு ஒன்பது அவுன்ஸ். மீதி எல்லாம் தண்ணீர். குழம்பில் போட்டு ஐந்து நிமிடத்தில் துண்டுகள் இழை இழையாகப் பிரிந்து புளிக்கரைசலோடு கலந்துவிட்டன. பையைக் குப்பையிலிருந்து எடுத்துப் பின்பக்கம் பார்த்தேன். ‘ஸ்வாய், வியட்நாம்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

ஸ்வாய் கெட்ட மீன் இல்லை. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் வளர்க்கும் பங்காசியஸ் என்ற வேறு கெளுத்தி வகை அது. சென்னை ஹோட்டல்களில் ‘பாஸா’ என்ற பெயரில் நாம் சாப்பிடுவதும் பெரும்பாலும் இதுதான். மாவில் தோய்த்துப் பொரித்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் சதை மிக மென்மை, நம் புளிக்குழம்புக்குத் தாங்காது. அதை வேறு பெயர் சொல்லி விற்றதுதான் என் கோபம். அமெரிக்காவில் 2002 வேளாண் சட்டத்தின்படி, வட அமெரிக்கக் கெளுத்திக் குடும்பத்து மீனுக்கு மட்டுமே ‘கேட்ஃபிஷ்’ என்று பெயர் போடலாம். அடுத்த வருடமே வியட்நாம் துண்டுகளுக்கு 36 சதவீதத்துக்கு மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி) போட்டார்கள். இவ்வளவும் செய்தும் 2003-இல் ஏறக்குறைய 66 கோடி பவுண்டு மீனைப் பதப்படுத்திய அமெரிக்கக் கெளுத்தித் தொழில், பத்து வருடத்துக்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. மலிவான இறக்குமதி ஒரு காரணம். சோளமும் சோயாவும் விலை ஏறித் தீவனச் செலவு கையைக் கடித்தது இன்னொன்று. இங்கே மிசிசிப்பி டெல்டா பக்கம் வண்டியில் போனால், குளமாக இருந்த இடங்களில் கரையை வெட்டிச் சமன் செய்து சோயா போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

என் மகனோடு படிக்கும் பையனின் தாத்தா பெல்சோனி பக்கத்தில் குளம் வைத்திருக்கிறார். தங்களை உலகின் கெளுத்தித் தலைநகர் என்று சொல்லிக்கொள்ளும் ஊர் அது. போன வருடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். களிமண் பூமி, தண்ணீர் கீழே இறங்காது. ஆள் உயரம்கூட ஆழம் இல்லை. ஆக்சிஜன் குறையாமலிருக்கத் துடுப்புச் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கின்றன. தீவனத்தை வீசியதும் அந்தக் குளம் பொங்கலிட்ட பானை மாதிரி கொதித்தது. எல்லாம் மீன் வாய்!

ஆனால் அவர் சொன்னதில் என் மனதில் நின்றது சுவை பார்க்கும் முறைதான். கெளுத்தி என்றாலே சேற்று வாடை என்று பயப்படுவோம் இல்லையா? குளத்து நீலப்பச்சைப் பாசியிலிருந்து வரும் ஜியாஸ்மின் போன்ற பொருள்கள் மீன் சதையில் ஏறுவதால் அந்த வாடை வருகிறது. அதனால் அறுவடைக்கு முன்பே மாதிரி மீன், வெட்டிப் பதப்படுத்தும் ஆலைக்குப் போக வேண்டும். வால் பக்கத் துண்டை உப்பு, காரம் எதுவும் சேர்க்காமல் மைக்ரோவேவில் வேகவைத்து, முதலில் முகர்ந்து, பிறகு தின்று பார்ப்பதற்கென்றே ஆள் இருக்கிறார். பல நாள் முன்பு ஒரு முறை, பிடிப்பதற்குச் சற்று முன் ஒரு முறை, லாரி வாசலுக்கு வந்ததும் இன்னொரு முறை. வாடை இருந்தால் அந்தக் குளம் காத்திருக்க வேண்டியதுதான். தாத்தாவின் ஒரு குளம் ஆறு வாரம் நின்றதாம், தீவனச் செலவு மட்டும் ஓடிக்கொண்டே இருந்ததாம். அந்த நாவுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசு நியாயம் என்றே நான் நினைக்கிறேன். பதினோரு வருடத்தில் உள்ளூர்ப் பையில் எனக்கு ஒரு முறைகூடச் சேற்று வாடை வந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஆலைகளில் ஈரத்திலும் குளிரிலும் நின்று கத்தி பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். 1990-இல் இதே டெல்டாவில் உள்ள இண்டியனோலா ஊரில் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலியோடு கழிப்பறைக்குப் போக நேரம் கொடு என்பதும் ஒரு கோரிக்கை. உறைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுக்கும்போது அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

சரி, மீனுக்கு வருவோம். முழுத் துண்டு (ஃபில்லட்) இப்போது எனக்குப் பவுண்டுக்கு ஒன்பது டாலர் சொச்சம். வறுவலுக்கு அருமை. மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை தடவி அரை மணி நேரம் வைத்துத் தவாவில் போட்டால் ஓரம் முறுகி, உள்ளே இதழ் இதழாக வருகிறது, உடைவதில்லை. பையில் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் (சதையில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் உப்பு) என்று போட்டிருந்தால் மட்டும் எடுக்காதீர்கள். தவாவில் தண்ணீர் விட்டு வெள்ளை நுரை கட்டும், முறுகவே முறுகாது.

குழம்புக்கு ஃபில்லட்டைவிட ‘ஸ்டேக்’ என்று குறுக்கே வெட்டிய முள்ளோடு உள்ள துண்டுதான் நல்லது. சாறு இறங்குவது அந்த நடுமுள்ளிலிருந்துதான். எல்லாக் கடையிலும் கிடைக்காது, இறைச்சிப் பகுதியில் கேட்டு வாங்க வேண்டும்.

என் செல்லம் நகெட். வயிற்றுப் பக்கச் சதையைத் தனியே அறுத்து மலிவாக விற்கிறார்கள், ஃபில்லட் விலையில் பாதிகூட இல்லை. கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் நரம்பு. அதை ஆவியில் வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு நிறையப் போட்டு மீன் புட்டு செய்து பாருங்கள். சுறாப் புட்டுக்கு ஏங்கிக்கொண்டிருந்த என் கணவர் இப்போது அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

அத்தை போன வருடம் வந்திருந்தபோது பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஏம்மா, மீசையும் இல்லை, தோலும் இல்லை, இதைக் கெளுத்தின்னு எப்படி நம்புறது?” என்றார். சாம்பல் போட்டுத் தேய்த்து வழவழப்பு எடுக்கிற வேலை இல்லாததே அவருக்குக் குறையாகப் பட்டது. ஸ்டேக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, “சதை கெட்டியாத்தான் இருக்கு. தலை இருந்திருந்தா இன்னும் நல்லாருக்கும்” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆற்றுக் கெளுத்தியின் அந்த மணமும் தலைச்சாறும் இதில் வராது. தீவனம் தின்று வளர்ந்த மீன், சுவை சற்றுச் சாது. புளியையும் வெந்தயத்தையும் ஒரு பங்கு கூட்டினால் ஈடு கட்டலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: ‘கேட்ஃபிஷ்’ என்ற பெயர் மட்டும் போதாது, சீனாவும் இதே இனத்தை வளர்த்து அனுப்புகிறது. அமெரிக்க வேளாண் துறையின் பரிசோதனை இறக்குமதிக்கும் உண்டு, அதனால் அதுவும் நாட்டைச் சொல்லாது. எந்த நாட்டில் விளைந்தது என்ற வரியைத் தேடுங்கள். உணவகத்தில் என்றால் கேட்டுவிடுங்கள். மிசிசிப்பியில் சொல்ல வேண்டியது சட்டம்.

இப்போது நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து உணவகங்களுக்கு விற்கும் 15 பவுண்டுப் பெட்டியாக எடுக்கிறோம். துண்டுகள் தனித்தனியாக உறைந்திருப்பதால் பிரித்துக்கொள்வது சுலபம். அடுத்த பெட்டி தீபாவளி கழிந்த வாரம்.