ஒரு லேப்டாப்பும் நாலைந்து லாட்டிஸ் நிரல்களும்

எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு லாட்டிஸ் கணக்கு (புரோட்டான் போன்ற துகள்களுக்குள் இருக்கும் குவார்க்குகளையும், அவற்றைப் பிணைக்கும் குளுவான்களையும் புள்ளிகளின் வலையில் வைத்துக் கணினியில் கணக்கிடுவது) போடப்போகிறேன் என்று பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, "சார், 8 ஜிபி ராம் போதுமா?"

போதும். பத்தமடைப் பாயை நினைத்துக்கொள்ளுங்கள். இழைகள் சந்திக்கும் இடம் குவார்க்குக்கு, இரண்டு சந்திப்புக்கு நடுவே உள்ள துண்டு குளுவானுக்கு. 1974-இல் கென்னத் வில்சன் வகுத்த முறை இதுதான். என்ன, இது நாலு பரிமாணப் பாய்: வெளிக்கு மூன்று, காலத்துக்கு ஒன்று. ஒவ்வொரு துண்டிலும் ஒரு 3×3 கலப்பெண் அணி (மேட்ரிக்ஸ்), அதாவது 18 எண்கள். பக்கத்துக்கு 16 புள்ளி வைத்தால் 2,62,144 துண்டுகள், சுமார் 38 எம்பி. ராம் பிரச்சினையே இல்லை. குவார்க்கைச் சேர்த்ததும் ஒரு பெரிய அணிக்குத் திரும்பத் திரும்ப நேர்மாறு (இன்வெர்ஸ்) காண வேண்டும். அங்கேதான் நேரம் கரையும். அதனால் முதல் புராஜெக்டில் குளுவான் மட்டும் போதும்.

தொடங்க எளிது, ஜூலியா மொழியில் உள்ள லாட்டிஸ்கியூசிடி.ஜேஎல். 'விசார்ட்' ஒன்று கேள்வி கேட்டுக் கேட்டு அளவுருக் கோப்பை அதுவே எழுதிக் கொடுத்துவிடும். ஒரே சாயங்காலத்தில் எண் வந்துவிடும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமலே புராஜெக்டை முடித்துவிடவும் இது இடம் கொடுக்கும்.

என் மனசுக்குப் பிடித்தது ஓப்பன்கியூசிடி. மார்ட்டின் லூஷர் முன்னின்று சி மொழியில் எழுதியது. கூடவே வரும் குறிப்புகளில் கணிதம் படிப்படியாக இருக்கிறது, பாடப்புத்தகமாகவே படிக்கலாம். பல செயலிகள் சேர்ந்து ஒரே கணக்கைப் போட உதவும் எம்பிஐ கட்டாயம். லாட்டிஸின் அளவைத் தலைப்புக் கோப்பில் எழுதுவதால், அளவை மாற்றினால் மறுபடி கம்பைல். எரிச்சல்தான், பழகிவிடும். குளுவானுக்கு மட்டும் ஒய்எம்1 என்று தனி நிரல் உண்டு. பீட்டா (விசையின் வலிமையைக் குறிக்கும் அளவுரு) 6.0-இல் இதையும் ஜூலியாவையும் ஓட்டி, பிளாக்கெட் (பாயின் மிகச் சிறிய சதுரத்தைச் சுற்றி வரும் நாலு துண்டுகளின் பெருக்கல்) சராசரி இரண்டிலும் 0.594 பக்கம் வருகிறதா என்று பாருங்கள். டிரேஸை (அணியின் மூலைவிட்ட எண்களின் கூட்டல்) 3-ஆல் வகுத்திருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். அப்புறம், காலத் திசையின் எல்லையைச் சுழற்சியாக (கடைசிப் புள்ளிக்கு அடுத்தது முதல் புள்ளி) வையுங்கள். லாட்டிஸ் இடைவெளி குறையும்போது டோபாலஜி (குளுவான் புலத்தின் முறுக்கு எண்) மாறாமல் உறைந்துபோவதைத் தவிர்க்கத்தான் திறந்த எல்லையைக் கொண்டுவந்தார்கள். அதை வைத்தால் ஓரங்களில் எண் மாறும், ஒப்பீடு கெட்டுவிடும்.

அடுத்த நிரல் மில்க், ஸ்டாகர்டு குவார்க் (குவார்க்கை லாட்டிஸில் வைக்கும் ஒரு வகை) வேண்டுபவர்களுக்கு. எம்பிஐ இல்லாமல் ஒற்றைக் கணினியிலும் ஓடும், அது நல்ல வசதி. பல காலம் பலர் கைபட்ட நிரல் என்பதால் மேக்ரோக்களுக்குள் வழி தேட வேண்டியிருக்கும்.

குரோமா என்ற நிரலில் சி++ தெரியாமலே எக்ஸ்எம்எல் கோப்பில் அளவீடுகளை அடுக்கலாம். நிறுவுவதுதான் பாடு: முதலில் கியூஎம்பி, அதன் மேல் கியூடிபி++ என்று இரண்டு நிரல் நூலகங்கள், அதற்கு மேல் குரோமா. பீட்டர் பாயிலின் கிரிட் நிரல், பெரிய கணினிக் கிளஸ்டர்களுக்கானது. சி++ டெம்ப்ளேட் மேல் டெம்ப்ளேட், கம்பைல் முடிவதற்குள் ஜங்ஷன் போய் அல்வா வாங்கி வந்துவிடலாம். இரண்டையும் தரமணி கணித அறிவியல் நிறுவனம் மாதிரி இடங்களில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.