அம்மாவுக்கு வெறும் கேஸ் இல்லை: மன்னார்குடியில் மூன்று வாரம்

ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பர்மிங்காமிலிருந்து மூன்று வாரம் லீவு. அதில் ஒன்பது நாள் அம்மாவோடு ஆஸ்பத்திரி, லேப், மெடிக்கல் ஷாப் என்றே கழிந்தது. வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியே இருக்கும் எல்லோருக்கும் இது பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் என் கதை கொஞ்சம். எனக்கு நான்கு வருடமாக ஹயாட்டஸ் ஹெர்னியா இருக்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்ற தசைத் தடுப்பு இருக்கிறது அல்லவா, அதில் ஒரு துளை உண்டு. உணவுக்குழாய் அந்தத் துளை வழியாக இறங்கித்தான் இரைப்பையில் சேர்கிறது. துளை தளர்ந்துபோனால் இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறிவிடும். ஹெர்னியா என்றதும் நம் ஊரில் குடலிறக்கம் என்று நினைப்பார்கள். இது இறங்குவது இல்லை, ஏறுவது. வெளியே வீக்கம் எதுவும் தெரியாது. கையால் தொட்டும் கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு இருப்பது 3 சென்டிமீட்டர், சறுக்கு வகை, அதாவது இரைப்பையின் மேல்பகுதி துளை வழியாக மேலே சறுக்கி ஏறி இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு இந்த வகைதான். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களிக்கும், விடியற்காலையில் வறட்டு இருமல், காலையில் குரல் கரகரக்கும். நெஞ்செரிச்சல் அதிகம் இல்லாததால் ஆறு மாதம் இருமலுக்கே மருந்து சாப்பிட்டேன். வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்கு இங்கிலாந்தில் பல மாதம் காத்திருந்துதான் விஷயம் தெரிந்தது. இப்போது இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடிப்பது, இடப்பக்கமாகப் படுப்பது, கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைப்பது, இவற்றாலேயே பெரும்பாலான நாள் மாத்திரை இல்லாமல் சமாளிக்கிறேன். எழும்பூரில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறும்போதும் அப்படித்தான்: சாப்பாட்டை முன்னாலேயே முடித்துக்கொண்டு, லோயர் பெர்த்தில் பையை முதுகுக்குப் பின்னால் சாய்த்து வைத்து, பாதி உட்கார்ந்தபடி தூங்கினேன்.

இவ்வளவு தெரிந்த எனக்கே அம்மாவைப் பார்த்ததும் பொறி தட்டவில்லை. இரண்டு நாள் ஆயிற்று.

அம்மாவுக்கு 68 வயது. மூன்றாம் நாள் காலை, இரண்டு இட்லி சாப்பிட்டதும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். மார்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே திண்ணைக்குப் போய்த் தூணைப் பிடித்தபடி நின்றார். தோள் ஏறி இறங்குகிறது. ஒரு ஏப்பம் வந்தது, அப்புறம்தான் முகம் தெளிந்தது. "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல தம்பி, சாப்ட்டா மூச்சு வாங்குது. வெறும் கேஸ்தான்." எத்தனை நாளாக என்று கேட்டால், மூன்று வருடமாம்.

இந்த "கேஸ்" என்ற சொல்லை நினைத்தாலே எனக்கு மனசு பதறுகிறது. மாரடைப்பும் நம் ஊரில் கேஸ்தான், பித்தப்பைக் கல்லும் கேஸ்தான், அல்சரும் கேஸ்தான். தெருமுனை மெடிக்கலில் பெயர்கூடச் சொல்ல வேண்டாம், "வாய்வுக்கு ஒண்ணு குடுங்க" என்றால் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோலும் குமட்டலுக்கான டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்ஸ்யூல் பட்டையைச் சீட்டு இல்லாமலே வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும் என்பதால் பிரிட்டனில் 2014 முதல் டாக்டர் சீட்டு இல்லாமல் அது கிடைக்காது. வயதானவர்கள் வருடக்கணக்கில் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுகிற மருந்து இல்லை அது. கடைக்காரரைக் கேட்டேன். "எல்லாரும் வாங்குறதுதான் அண்ணே" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்பவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

அடுத்த நாள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அந்தப் பெண் பிரஷர் பார்த்து முடித்துவிட்டு, அம்மாவின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "போன தடவையும் சொன்னேன், இரத்தம் ரொம்பக் கம்மியா தெரியுது. டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டார். அம்மா பேச்சை மாற்றினார். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். காசில்லாமல் இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே சோகை.

இரும்புச்சத்து மாத்திரை அம்மா இரண்டு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அதையும் காலைக் காப்பியோடு. காப்பியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. அமிலத்தைக் குறைக்கும் கேப்ஸ்யூலை நாள்தோறும் போட்டுக்கொண்டாலும் சேர்வது குறையும். போதாததற்கு இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். உள்ளே இரத்தம் கசிந்தாலும் அதே கறுப்புதான். அதனால் அம்மா சந்தேகப்படவே இல்லை.

பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் தேடி எடுக்கும்போது பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு எக்ஸ்ரே கவர் கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் மூச்சு வாங்குகிறது என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்தது. அப்போது ஆஸ்துமா மாதிரி இருக்கிறது என்று இன்ஹேலர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இன்ஹேலரால் ஒன்றும் ஆகவில்லை என்று அம்மாவே நிறுத்திவிட்டார்.

எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். குடல் இரைப்பை டாக்டர், ஃபீஸ் 400 ரூபாய். டோக்கன் 11 என்று கொடுத்தார்கள், உள்ளே போக மூன்றரை மணி நேரம் ஆனது. உட்கார இடமில்லாமல் எழுபது வயதுக்காரர்கள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். நேரத்தைச் சொல்லி வரச்சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று தெரியவில்லை. ஆனால் டாக்டர் இருபது நிமிடம் ஒதுக்கினார். முதல் வேலையாக ஈசிஜி எடுக்கச் சொன்னார். நெஞ்சுப் பகுதியில் எது வந்தாலும் முதலில் இதயம் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் வயிற்றுக்கு வரவேண்டும் என்றார். அதில் குறை இல்லை.

அப்புறம் அந்தப் பழைய எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பேனா முனையால் இதயத்தின் நிழலுக்குப் பின்னால் ஒரு வட்டத்தைக் காட்டினார். டம்ளரில் பாதித் தண்ணீர் நின்றால் எப்படித் தெரியும், அப்படி வட்டத்துக்குள் ஒரு நேர்க்கோடு. மேலே காற்று, கீழே நீர். "இது நுரையீரல் இல்ல தம்பி. இது இரைப்பை. நெஞ்சுக்குள்ள உட்கார்ந்திருக்கு."

எனக்குக் கை நடுங்கியது. இரண்டு வருடமாக அது பீரோவுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது.

மறுநாள் காலையே எண்டோஸ்கோபி. 2,800 ரூபாய். இரவு முழுக்க வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போக ஸ்ப்ரே, பத்தே நிமிடம். நான் பல மாதம் காத்திருந்ததற்கு இங்கே மறுநாளே நடந்துவிட்டது. என்னை உள்ளே அழைத்துத் திரையில் காட்டினார்கள். உதரவிதானம் இறுக்குகிற இடத்துக்கு மேலேயே இரைப்பையின் மடிப்புகள் தெரிந்தன. இரைப்பையில் மூன்றில் ஒரு பங்கு மேலே ஏறியிருந்தது. அந்த இறுக்கத்தில், மடிப்புகளின் முகட்டில், நகக்கீறல் மாதிரி மூன்று சிவந்த கோடுகள். கேமரூன் புண் என்று பெயர். மூச்சு விடும்போதெல்லாம் இரைப்பை அந்த விளிம்பில் உரசி உரசிப் புண்ணாகி, சொட்டுச் சொட்டாக இரத்தம் போயிருக்கிறது. சாப்பிட்டதும் மூச்சு வாங்கியதும், இரண்டு இட்லியில் வயிறு நிறைந்ததும், சோகையும் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றன. அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் என்ற ஒன்று இருந்ததே இல்லை.

இந்த டாக்டர் செய்த இன்னொரு நல்ல காரியம்: ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று நிறுத்தவில்லை. இந்த வயதில் இரும்புச்சத்து குறைந்தால் பெருங்குடலையும் பார்த்தே ஆகவேண்டும் என்று கொலனோஸ்கோபியும் செய்தார். அங்கே ஒன்றுமில்லை.

ரிப்போர்ட் எல்லாம் ஆங்கிலத்தில். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு வரிகூடக் கிடையாது. நான் கேட்டுக்கொண்டதால் நர்ஸ் ஒருவர் சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். திடீரென்று நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ தாங்க முடியாத வலி, குமட்டிக் குமட்டியும் வாந்தி வராமல் இருப்பது, இரத்த வாந்தி, விழுங்க முடியாமல் அடைப்பது, தலைசுற்றி விழுவது: இதில் எது வந்தாலும் 108க்குக் கூப்பிடவும். குமட்டல் வந்தும் வாந்தி வராவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்றார். அண்ணி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார்.

இரும்புச்சத்தை ஊசி வழியாக டிரிப்பில் ஏற்றினார்கள். 1,000 மில்லிகிராம், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அமிலம் குறைக்கும் மாத்திரை தொடர்கிறது, ஆனால் டோம்பெரிடோன் சேராதது. காலையில் எழுந்ததும் போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பிடவேண்டும். காப்பி குடித்துவிட்டுப் போட்டால் அதன் வேலை பாதிதான்.

வீட்டில் செய்த மாற்றங்கள்தான் எனக்குப் பெரிய வேலை. தலையணையை உயர்த்தி வைத்தால் போதாது. இடுப்பில் மடிந்து வயிறு இன்னும் நசுங்கும். கட்டிலையே தூக்கவேண்டும். தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்தேன், ஆறு அங்குலம். இரண்டாம் நாளே ஒரு கால் சறுக்கியது. ஆசாரியைக் கூப்பிட்டு வேப்பங்கட்டையில் நடுவே குழி செதுக்கி வாங்கினோம். கால் குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. நாலு நாளில் அம்மா பழகிவிட்டார்.

சாப்பாட்டை ஐந்து சிறு வேளையாகப் பிரித்தோம். சீரியல் முடிந்து ஒன்பதரைக்குச் சாப்பிடும் வழக்கம் ஏழு மணிக்கு வந்தது. அதற்கு ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. சாப்பிட்டதும் குனியக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. டாக்டர் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது: பாவாடை நாடாவை அம்மா ஐம்பது வருடமாக இறுக்கிக் கட்டுகிறார், இடுப்பில் அதன் தடம் கறுத்து இறுகிப்போயிருக்கிறது. அந்த இறுக்கமும் வயிற்றை மேலே தள்ளும். அண்ணி இப்போது அகலமான பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். தளரக் கட்டுகிறார்.

கோலத்தை மட்டும் விடமாட்டேன் என்றார். சரி, வெறும் வயிற்றில், முக்காலியில் உட்கார்ந்தபடி போடலாம் என்று டாக்டர் அனுமதித்தார்.

நான் திரும்பி வந்து ஆறு வாரம் ஆகிறது. போன வாரம் ஹீமோகுளோபின் 10.6. சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக்குப் போகாமலே உட்கார்ந்திருக்கிறார் என்று அண்ணன் வீடியோ காலில் காட்டினார். ஆனால் ஏறிய இரைப்பை மாத்திரையால் இறங்காது. வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி ஆபரேஷனில் இரைப்பையைக் கீழே இழுத்து, துளையைத் தைத்துச் சிறிதாக்கி, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைப்பார்கள். இரத்தக் கசிவும் மூச்சிரைப்பும் இருப்பதால் அம்மாவுக்கு அது தேவைப்படும் என்பது தஞ்சாவூர் டாக்டரின் எண்ணம். சர்ஜனைப் பார்க்க ஏப்ரலில் நாள் வாங்கியிருக்கிறோம், நானும் ஒரு வாரம் போகிறேன். அந்தப் பழைய எக்ஸ்ரே கவரையும் மறக்காமல் எடுத்து வைக்கும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.