மான் விசில்: வாங்கி ஒட்டிப் பார்த்துட்டேன், 5க்கு 1 ஸ்டார்

அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்துல ராக் ஸ்பிரிங்ஸ் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்த மான் விசில் வாங்கலாமான்னு கேக்கறீங்க, அதனால எழுதறேன். கட்டைவிரல் சைஸ்ல கறுப்பு பிளாஸ்டிக் குழல், ஒரு பாக்கெட்ல ரெண்டு வரும், பின்னாடி டேப் இருக்கும், முன் பம்பர்ல ஒட்டிடணும். வண்டி 35 மைல் வேகத்தைத் தாண்டினா காத்து உள்ள புகுந்து நம்ம காதுக்குக் கேக்காத ஒரு சத்தம் வரும், மான் அதைக் கேட்டு ஒதுங்கிடும்னு பாக்கெட்ல போட்டிருந்துச்சு. விலை கம்மி, ஒட்டறதும் ரெண்டு நிமிஷ வேலை, அதுல ஒரு குறையும் இல்ல.

போன நவம்பர்ல லிட்டில் அமெரிக்காங்கற இடம் தாண்டி இன்டர்ஸ்டேட் 80 ஹைவேயை விட்டுட்டு யூஎஸ் 30 ரோட்ல கெம்மரர் ஊர் பக்கம் போயிட்டு இருந்தோம், இருட்டற நேரம், பையன் பின் சீட்ல தூங்கறான், ரோட்டோரத்துல ஒரு பெட்டை மான் நிக்கறது தெரிஞ்சதும் ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டேன், அப்பவும் 50-க்கு மேலதான் இருக்கும். மியூல் டியர்ங்கற இந்த வகை மானுக்கு கோவேறு கழுதை மாதிரி பெரிய காது, பேரே அதனால வந்ததுதான். அந்தக் காது ரெண்டும் எங்க பக்கம் கொஞ்சம்கூட திரும்பல. எதிர்ல வந்த லாரியையே பார்த்துட்டு நின்னுச்சு, லாரி போனதும் நேரா எங்க வண்டி முன்னாடி இறங்கிடுச்சு. பிரேக்கை ஒரே அழுத்து, நூலிழைல தப்பிச்சோம். அது அந்தப் பக்கம் போய் சேர்றதுக்குள்ள பின்னாடியே ரெண்டு குட்டி ஓடி வருது, நான் மட்டும் உடனே வண்டிய எடுத்திருந்தா அதுங்க கதி அவ்ளோதான். வீட்ல அன்னைக்கு யாருமே சரியா சாப்பிடல.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன், வாங்கறதுக்கு முன்னாடியே படிச்சிருக்கணும். பக்கத்து யூட்டால 1992-லயே இதை டெஸ்ட் பண்ணிட்டாங்க, விசில் மாட்டின வண்டி, மாட்டாத வண்டி ரெண்டையும் மான் கூட்டங்க பக்கமா ஓட்டிப் பார்த்திருக்காங்க, 150 கூட்டம், ஒரு வித்தியாசமும் இல்ல. ஜார்ஜியா யுனிவர்சிட்டிலயும் வெள்ளை வால் மானை வச்சு வண்டில இருந்து பல விதமான சத்தம் கொடுத்துப் பார்த்திருக்காங்க, எதுவும் பலிக்கல.

ஆனா நிஜமாவே வேலை செய்யற ஒண்ணு அதே யூஎஸ் 30-லயே இருக்கு. கெம்மரருக்கு மேற்கால நக்கெட் கேன்யன். மான் கூட்டம் வருஷா வருஷம் குறுக்க போற இடம், அடிபட்டு செத்துட்டே இருந்துச்சு. 2001-ல ரோட்டுக்கு அடியில ஒரு சுரங்கப்பாதை கட்டிப் பார்த்தாங்க, 2008-ல இன்னும் ஆறு சேர்த்து, ரெண்டு பக்கமும் 8 அடி வேலி போட்டு மானை அந்த வழிக்குத் திருப்பி விட்டாங்க. ஹால் சாயர்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவரோட டீம் உள்ள கேமரா வச்சு மூணு வருஷம் எண்ணிருக்காங்க, 49,146 மான் கடந்து போயிருக்கு, மோதல் 81% குறைஞ்சிருக்கு. முதல் வருஷம் சுரங்கத்துக்கிட்ட வந்ததுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் உள்ள நுழைஞ்சு போச்சு, மத்ததெல்லாம் பயந்து திரும்பிடுச்சு, மூணாவது வருஷம் 92% போயிடுச்சு. பழகிக்க அதுங்களுக்கு டைம் வேணும், நம்ம பொறுமையா இருக்கணும், எனக்கு இதுலதான் மனசு நெகிழ்ந்து போச்சு.

மான் ஏன் வேற வழியில போகாதுன்னு என் வீட்டுக்காரி கேட்டா. கழுத்துல ஜிபிஎஸ் பட்டை மாட்டிப் பார்த்ததுல தெரிஞ்சது என்னன்னா போன வருஷம் போன தடத்தை இந்த மான் லேசுல விடாது. நம்ம ஊருக்கு வடக்க ரெட் டெசர்ட்ல குளிர்காலத்தைக் கழிக்கற கூட்டம் மலைப்பக்கம் இருக்கற ஹோபேக் வரைக்கும் 150 மைல் நடக்குது, வசந்தத்துல புல் துளிர்க்கத் துளிர்க்க அது பின்னாடியே மேல ஏறுது, இலையுதிர் காலத்துல திரும்ப இறங்குது. நடுவுல நம்ம ரோடு போட்டுட்டோம், அதுங்க எங்க போகும் சொல்லுங்க. இன்டர்ஸ்டேட் 80 இன்னும் மோசம், ராத்திரி பகல் பார்க்காம லாரி வரிசை, ரெண்டு பக்கமும் வேலி, அது வரைக்கும் வந்துட்டு கடக்க முடியாம திரும்பிப் போற மான்தான் அதிகம். அதுங்க ரோட்ல சாகறதில்ல, அதனால அந்தக் கணக்கு ரோட்டோரத்துல எண்ணறதுல வராது, ஆனா பனி கொட்டற நேரத்துல தீனி இருக்கற இடத்துக்குப் போக முடியலன்னா அதுவும் சாவுதானே.

விசிலைப் பிச்சு எடுத்துட்டேன், பம்பர்ல பசை மட்டும் இன்னும் போகல. கடையில திருப்பிக் கொடுக்கப் போனேன், பிரிச்ச பாக்கெட்டை எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க. இப்ப அக்டோபர்ல இருந்தே விடியக்காலையும் சாயங்காலமும் 45-க்கு மேல போறதில்ல, பின்னாடி ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்னு விட்டுடறேன், ஒரு மான் கடந்துச்சுன்னா ஹசார்ட் லைட் போட்டு நின்னு அடுத்தது வருதான்னு பார்த்துட்டுதான் எடுக்கறேன்.